ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறந்துபோவது குறித்து

ரொசாரியோ, கவித்தே, பிலிப்பைன்ஸ்
புதன்கிழமை, பள்ளி விட்டு வந்ததும்

ஹாங்காங்கில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும், அன்பும் மதிப்பும் மிக்க சாரிங் சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் ரியாலின் எழுதுவது. நீங்களும், நீங்கள் வளர்க்கும் அந்த வீட்டு இரண்டு பிள்ளைகளும், உங்களைக் கண்டால் மட்டும் குரைக்காத அந்த நாயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். இந்தக் கடிதத்தில் நடந்தது அனைத்தையும் உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன். சுவைக்காக எதையும் கூட்ட மாட்டேன், அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று எதையும் விட மாட்டேன். தேதிகளும் நேரங்களும் என் நோட்டிலிருந்து எடுத்தவை.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு மதியம் பன்னிரண்டரை மணிக்கு, நீங்களும் தோழிகளும் லீவு நாளில் கூடும் அந்தக் கடைத்தொகுதி டிவியில் ‘மதிய அதிர்ஷ்டம்’ நிகழ்ச்சி ஓடும்போது, நீங்கள் மார்ச் மாதம் இறந்துவிட்டதாகச் சொல்லி அம்மா அழுவார். பயப்பட வேண்டாம். நீங்கள் இறக்கவில்லை. இதைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நூற்று அறுபது எழுத்துக்குள் நீங்கள் இறந்ததையும் இறக்காததையும் சேர்த்து விளக்க முடியவில்லை. ஆகவேதான் வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் மெர்லி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் சேர்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரமாக அம்மா உங்கள் அழைப்பை எடுக்காததற்கும் ‘சிக்னல் இல்லை’ என்று பதில் அனுப்பியதற்கும் இதுதான் காரணம். சிக்னல் நன்றாகவே இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டால் உளறிவிடுவோம் என்று போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ‘மதிய அதிர்ஷ்டத்தில்’ ஞாயிறுதோறும் ‘கண்ணீருக்கு ஒரு கதவு’ என்று ஒரு பகுதி வருவது உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியை நடத்தும் ரோமி அண்ணன் ஓர் ஏழை வீட்டுக்குப் போவார். அந்த வீட்டார் கதை சொல்லி அழுவார்கள். அவரும் அழுவார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள். ஒரு மாதத்தில் வந்த நான்கு வீடுகளில் எதற்கு மக்கள் அதிகமாக ‘வெண்முத்து’ சலவைத்தூளின் காலிப் பொட்டலங்களை அனுப்புகிறார்களோ, அந்த வீட்டுக்கு மூன்று துணி துவைக்கும் இயந்திரங்களும், சலவைக்கடை வைக்க ஓர் இடமும், ஓராண்டுக்கான தூளும் கிடைக்கும். ஒரு பொட்டலம் ஒரு ஓட்டு. சமூகவியல் வகுப்புக்காகத் ‘தொலைக்காட்சியிலிருந்து நான் கற்றவை’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்ததால், அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் கணக்கெடுத்தேன். பரிசு பெற்றவரின் முகத்தைச் சராசரியாக நான்கு நொடி காட்டுகிறார்கள். இயந்திரத்தைப் பதினொரு நொடி காட்டுகிறார்கள். ஆட மறுத்த ஒரே ஒரு முதியவருக்கு மிகக் குறைவாகத்தான் ஓட்டு விழுந்தது. இதையெல்லாம் எழுதி எண்பத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். அப்போது அடுத்த வீடு எங்கள் வீடு என்று எனக்குத் தெரியாது.

எங்கள் தெருச் சிறுவர்கள் மாலையில் இந்த நிகழ்ச்சியையே விளையாட்டாக விளையாடுகிறார்கள். ஒருவன் ரோமி அண்ணன், ஒருத்தி ஏழை, ஒருவர் சோப்புத்தூள் கம்பெனி. ரோமி அண்ணனாக இருக்கக்கூட இப்போது போட்டி இல்லை. எல்லோருக்கும் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். ஏழையாக இருக்க யாரும் ஒப்பாததால் பெரும்பாலும் விளையாட்டு நடப்பதே இல்லை.

சென்ற மாதம் நிகழ்ச்சியிலிருந்து ஜிங் என்ற ஒரு மிஸ் எங்கள் பேட்டைக்கு வந்தார். ஏழை வீடு பார்க்க வந்திருப்பதாகக் கப்பித்தானிடம் சொல்ல, பேட்டைத் தலைவராயிற்றே, அவர் இரண்டு வீடுகளின் பெயரைக் கொடுத்தார். ஒன்று எங்கள் வீடு. மற்றொன்று பக்கத்து வீட்டுப் பாசிங் அத்தை. பத்து மணிக்கு எங்கள் வீடு, பதினொரு மணிக்கு அவர் வீடு என்று ஏற்பாடு.

இதில்தான் சிக்கல் வந்தது சித்தி. எங்களுக்கு ஏழையாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு ஏழையாக இருக்க நீங்கள் விடவில்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறீர்கள். ஃபிரிட்ஜ், டிவி, ரைஸ் குக்கர், இரண்டு மின்விசிறி, கண்ணாடி அலமாரி நிறைய திறக்காத சாக்லேட், திறக்காத இறைச்சி டின், திறக்காத கைக்களிம்பு. பாசிங் அத்தை வீட்டிலும் அவர் மகன் கப்பலிலிருந்து அனுப்பியது அதே அளவு இருக்கிறது. ஆகவே தெருவே கூடி ஒரு முடிவெடுத்தது. பத்து மணிக்கு எங்கள் சாமான்கள் எல்லாம் பாசிங் அத்தை வீட்டில் இருக்கும். பத்தே முக்காலுக்கு இரண்டு வீட்டுச் சாமான்களும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

முந்தைய காலத்தில் ஊர்கூடி ஒரு வீட்டையே மூங்கிலில் தூக்கி இடம் மாற்றித் தருவார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதை நேரில் பார்த்தேன். ஆறு பேர் ஃபிரிட்ஜைத் தூக்கினார்கள். உள்ளே அம்மா விற்பதற்காகப் போட்ட ஐஸ் குச்சிகள் இருந்ததால் பின்னால் ஒரு பெண்மணி, “சாய்க்காதீங்கப்பா, மாம்பழ ஐஸ் மேல் தட்டுல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெரு நடுவில் ஃபிரிட்ஜ் போகும்போது மிஸ் ஜிங் கால் மணி நேரம் முன்னதாகவே முனையில் திரும்பிவிட்டார். ஆறு பேரும் ஃபிரிட்ஜை அங்கேயே வைத்துவிட்டு, அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாதவர்கள்போல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

“நல்ல ஃபிரிட்ஜா இருக்கே, யாரோடது?” என்றார் மிஸ்.

“யாரோ பணக்காரங்க மிஸ்,” என்றார் அப்பா. “பழசானா இப்படித்தான், தெருவுல போட்டுட்டுப் போயிடுறாங்க.”

மிஸ் அதைக் குறித்துக்கொண்டார். அப்பாவுக்கு இதில் திறமை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்குள் கண்ணாடி அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுப் பச்சையாகப் பளிச்சென்று இருந்தது. “இங்க என்ன இருந்துச்சு?” என்று கேட்டதற்கு அப்பா ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு, “வித்துட்டோம் மிஸ். வயிறு கேக்கலியே,” என்றார். மிஸ் அதன் கீழே இரண்டு கோடு போட்டதைப் பார்த்தேன். அன்று காலை நாங்கள் மூவரும் பூண்டுச் சோறும் பொரித்த கருவாடும் ஆளுக்கு இரண்டு முட்டையும் சாப்பிட்டிருந்தோம்.

ஆனால் மிஸ் ஜிங் பேனாவை மூடிவிட்டார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க,” என்று அம்மாவிடம் சொன்னார். “ஏழ்மை நல்லாருக்கு. ஆனா ஏழ்மை எல்லார்கிட்டயும் இருக்கு. கதை வேணும். யாராவது தவறிட்டாங்களா?”

அம்மா யோசித்தார். எங்கள் வீட்டில் அண்மையில் யாரும் தவறவில்லை. அப்பா தாமாக முன்வந்து, வேண்டுமானால் தாம் இறந்துவிட்டதாகச் சொல்லலாம் என்றார். ஆனால் டிவியில் வரவும் வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று மிஸ் பொறுமையாக விளக்கினார். அப்போதுதான் அவர் குழந்தை ஏசுவின் மேடையைப் பார்த்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் படத்தைக் காவலுக்காகச் சாமி பக்கத்தில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவது நம் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம்தானே. உங்கள் படம், அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னால் சிவப்புச் சட்டையில் எடுத்தது, அங்கே இருந்தது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மனிலாவின் அடுக்குமாடியில் வளர்ந்த மிஸ் ஜிங்குக்கு அந்த வழக்கம் தெரியவில்லை.

மெதுவாக, தேவாலயத்தில் பேசுவதுபோல், “இவங்க எப்ப அக்கா?” என்றார்.

அம்மா ஒரு நொடி தாமதித்தார் சித்தி. அந்த ஒரு நொடியையும் குறிப்பிட வேண்டியது என் கடமை. பிறகு, “மார்ச்சுல,” என்றார். அட்டையும் பேனாவும் கையில் வைத்திருப்பவர் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் எனக்கு ஒரு தம்பி இருப்பதாகவே ஒத்துக்கொண்டவர் அவர்.

மிஸ் போன பிறகு நான் அம்மாவிடம் இது பாவம் என்று சொன்னேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஏன்டி, நான் என்ன ஆசைக்கா சொன்னேன்? மூணு மெஷினு, ஒரு கடை. கடை வந்துட்டா உன் சித்தி ஏன் அங்க போயி இன்னொருத்தி வீட்டுத் துணிய துவைக்கணும்? இங்க வந்து நம்ம கடையில ஒக்காந்து காசு வாங்கிப் போடட்டும். ஒரு ஞாயித்துக்கெழமை செத்தா என்ன கொறைஞ்சுபோச்சு?” ஆக உங்களை ஊருக்கு வரவழைப்பதற்காகத்தான் அம்மா உங்களைக் கொன்றிருக்கிறார். இது எவ்வளவு விநோதமாகத் தெரிந்தாலும் உண்மை.

பாசிங் அத்தை வீடு தேர்வாகவில்லை. அவருடைய கணவர் உண்மையிலேயே இறந்தவர், கடலில். அதைக் கேட்டு மிஸ் வருத்தப்பட்டாராம். ஆனால் ஆறு ஆண்டு ஆகிவிட்டது என்றதும் பேனாவை மூடிவிட்டாராம். “பழைய சாவாம் தெலிங்,” என்று அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் சொன்னார். “மீன் வாங்குறவ மாதிரி செவுளத் தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டா. ஆமா, ஒங்கள எதுக்கு எடுத்தா? ஒங்க வீட்டுல யாரும் சாவலையே?” அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அத்தைக்கு அம்மா சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. இதனால் வந்த விளைவைப் பிறகு எழுதுகிறேன்.

அடுத்து, உங்கள் சாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மிஸ் ஜிங் சலவைத்தூள் கம்பெனியிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை, கம்பெனியின் பெயரைத்தான் சொன்னார். நீங்கள் வேறொரு மட்டமான தூளில் துவைத்துத் துவைத்துக் கை புண்ணாகி, அந்தப் புண் உள்ளே இறங்கி இறந்ததாக அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எதற்கும் தலையாட்டும் அம்மா அன்று முதல்முறையாக மறுத்துப் பேசினார்.

“அதெல்லாம் வேணாம் சார். தூக்கத்துலயே போயிட்டான்னு வையுங்க. வலி தெரியாம.”

“தூக்கத்துல போனா நம்ம பவுடருக்கு அதுல என்னம்மா வேலை?”

“அப்ப வெள்ளை விரிப்புல படுத்திருந்தா. நல்லா துவைச்ச விரிப்பு.”

“எந்தப் பவுடர்ல?”

“உங்க பவுடர்லதான்னு வெச்சுக்குங்க. நல்ல மெத்தை, நல்ல விரிப்பு. தலையணை ரெண்டு. என் தங்கச்சி கஷ்டப்பட்டுச் சாவ மாட்டா.”

அரை மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் கை மட்டும் புண், வலி இல்லை, விரிப்பு உண்டு, தலையணை ஒன்று என்று முடிவாயிற்று. ஞாயிறன்று பார்க்கும்போது அந்த ஒரு தலையணைக்காக அம்மா எவ்வளவு போராடினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கான பொட்டலங்களை இப்போதிருந்தே சேர்க்கச் சொன்னதால் தெருவே வெண்முத்து வாங்கியது. அம்மாவின் பெட்டிக்கடையில் வேறு எதுவும் விற்கவில்லை. என் காலணிக்கென்று நீங்கள் அனுப்பிய பணமும் அதில் போயிற்று. பழைய காலணி இன்னும் நன்றாகவே இருக்கிறது, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே பார்க்கும். பொட்டலம் காலியாக வேண்டுமே என்று எல்லோரும் துவைத்ததையே துவைத்தார்கள். அப்பாவின் கோடு போட்ட சட்டையில் இப்போது கோடு இல்லை. போன சனிக்கிழமை மழையில் சாக்கடை முழுக்க நுரை பொங்கித் தெருவில் முழங்கால் உயரம் நின்றது. மீன் புகைபோடும் கொட்டகைக்காரர், முப்பது ஆண்டில் முதல்முறையாகத் தம் மீனில் எலுமிச்சை வாசம் வருகிறது என்று சண்டைக்கு வந்தார்.

படப்பிடிப்பு சென்ற வாரம் செவ்வாயன்று நடந்தது. சாமான்களை மறுபடியும் தூக்கினார்கள். இந்த முறை எல்லோருக்கும் பழகிவிட்டது, பதினேழு நிமிடம்தான் ஆயிற்று. அப்பாவின் சட்டையில் கிழிசல் இல்லாத இடங்களில் அம்மா ஒட்டுப் போட்டார். தையல் மிக அழகாக இருந்ததால் மிஸ் ஜிங் அதைப் பிரித்துக் கோணலாகத் தைக்கச் சொன்னார். கூரையிலிருந்து நான்கு பெரிய விளக்குகள் தொங்கவிட்டார்கள். நம் முன்னறையில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. சிலந்திகள்கூட இடம் மாறிப் போயின.

ரோமி அண்ணன் டிவியில் தெரிவதைவிடக் குள்ளம். அவர் கெட்டவர் இல்லை. என்ன புத்தகம் படிக்கிறாய் என்று என்னைக் கேட்டு, பதிலை முழுக்கக் கேட்டார். கேமரா ஓடும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார், நின்றதும் விட்டுவிடுவார். ஓடினால் மறுபடியும் பிடிப்பார். அது அவர் வேலை என்பதால் நான் குறையாகச் சொல்லவில்லை.

கடைசியாக, “அக்கா, தங்கச்சி இப்ப மேலேருந்து பாத்துக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க,” என்றார்.

இதற்கு மிஸ் ஜிங் எழுதிக் கொடுத்த பதில் அம்மாவுக்கு மனப்பாடம். முந்தின நாள் முழுக்க மீன் கழுவிக்கொண்டே ஒப்பித்தார். ஆனால் அம்மா அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஒன்றைச் சொன்னார். நான் மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்ததால் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

“சாரிங், இங்க எல்லாம் இருக்குடி. டின்னு இருக்கு, சாக்லேட்டு இருக்கு. நீ அனுப்புன துண்டு எட்டு இருக்கு, ஒண்ணக்கூட நான் பிரிக்கல. நீ வந்து மொதல்ல தொடைச்சாத்தான்னு வெச்சிருக்கேன். ஒம்பது வருசமா பெட்டி வருது, நீ வரல. ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கறப்ப மூடிய மோந்து பாப்பேன், ஒன் வாசம் வருதான்னு. அட்டை வாசந்தான் வருது. இனிமே எங்களுக்கு ஒண்ணும் அனுப்பாத. அந்தப் பெட்டிக்குள்ள நீயே ஏறி ஒக்காந்துக்க. மூடிய நான் பிரிக்கிறேன்.”

கைவிளக்கைப் பிடித்திருந்தவர் முழங்கையால் கண்ணைத் துடைத்ததில் வெளிச்சம் சுவர் முழுக்க ஆடியது. ரோமி அண்ணன் கேமரா நின்ற பிறகும் கையை விடவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இயக்குநர் முதலில் எழுந்தார். “அம்மா, பிரமாதம். ஆனா அந்த டின்னு, துண்டு, பெட்டி, அதெல்லாம் எடுத்துருங்க. உங்ககிட்டதான் ஒண்ணுமே இல்லியே. இன்னொருவாட்டி போலாமா?”

இரண்டாம் முறை அம்மா மனப்பாடம் செய்ததைச் சொன்னார். “சாரிங், நீ போனப்புறம் எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. யாரும் இல்ல.” அழுகை வரவில்லை. மிஸ் ஜிங் அம்மாவின் கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவினார். பிறகு நிறைய வந்தது. ஞாயிறன்று நீங்கள் பார்க்கப்போவது இந்த இரண்டாவதைத்தான். முதலாவது வராது. நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

இனி விளைவு. படப்பிடிப்பு பார்க்க வாசலில் நின்ற தெரு முழுக்க அம்மா சொன்னதைக் கேட்டது. சாமான் தூக்கியவர்களுக்கு நாங்கள் எவ்வளவு ஏழை இல்லை என்பது தெரியும். ஆனால் நீங்கள் இறக்கவில்லை என்பது தெரியாது. மார்ச்சில் உங்கள் பெட்டி வரவில்லை என்பதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. கேமராக்காரர்கள் வண்டியில் ஏறுவதற்குள் பாசிங் அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, “மூணு மாசமா நெஞ்சுல வெச்சுக்கிட்டு எப்படிடி ஐஸ் வித்த?” என்று கதறினார். தெருவில் யார் இறந்தாலும் ஒன்பது நாள் ஜெபம் சொல்வது அவர்தானே. மறுநாள் மாலையே ஆரம்பித்துவிட்டார். ஆள் ஆளாக இஞ்சித் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். தலைக்கு ஐந்து பெசோ, பத்து பெசோ என்று சாவுக் காணிக்கையும் சேர்ந்தது. அம்மா அதைத் தொடவில்லை. வாங்க மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும், அதனால் வாங்கி மேடையில் வைத்தார்.

எர்னிங் மாமாவைப் பற்றியும் எழுத வேண்டும். படகு பழுதுபார்க்கும் அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று அம்மா சொல்கிறார். அவர் முகம் மழித்துக் கறுப்புச் சட்டை போட்டு வந்து, மூன்று நாளும் கடைசி வரிசையில் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், “உடம்பு எப்ப வருது தெலிங்? ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி வெச்சிருக்கேன்,” என்றார். அதற்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. சமையலறைக்கு இழுத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் அங்கேயே நின்று ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டார், இன்னொரு தட்டும் சாப்பிட்டார். தாம் அழுததை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் எழுதுவதாக ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆறாம் நாள் அம்மா பாசிங் அத்தையிடமும் சொன்னார். அத்தை ஜெபமாலையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உசுரோட இருக்காளா?”

“இருக்கா.”

“சொல்லியிருந்தா நானும் எம் புருஷனுக்குத் தேதிய மாத்தியிருப்பேனேடி, பாவி,” என்றார். பிறகு அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, “சரி விடு. ஒம்பது நாள் ஆரம்பிச்சா ஒம்பது நாள்தான், நடுவுல நிறுத்தக் கூடாது. உசுரோட இருக்கறவளுக்கும் ஜெபம் ஆகாதுன்னு யாரு சொன்னது? அவ செய்யிற வேலை மட்டும் என்ன சாவைவிடக் கொறைஞ்சதா?” என்றார். இன்று எட்டாம் நாள். எல்லோருக்கும் இப்போது உண்மை தெரியும், காணிக்கையையும் பாசிங் அத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் எல்லோரும் வருகிறார்கள். நேற்று நாற்பத்திரண்டு பேர். முன்பு ‘அவளுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும்’ என்று சொன்ன இடத்தில் இப்போது ‘அவளுக்குக் கொஞ்சம் இளைப்பாற்றி தாரும்’ என்கிறார்கள்.

ஆகவே சித்தி, ஞாயிறன்று அந்தக் கடைத்தொகுதிக்குப் போகாதீர்கள். போனாலும் பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள். தோழிகள் கேட்டால் அது வேறொரு சாரிங் என்று சொல்லுங்கள். அம்மா மேல் கோபம் வந்தால், கேமரா முன்னால் அவர் முதல் முறை சொன்னதைப் படியுங்கள்.

உங்கள் கைகளில் புண்ணும் முதுகில் வலியும் இல்லாமல் இருக்கவும், முதலாளியம்மாவுக்கு நல்ல மனம் வரவும் குழந்தை ஏசு அருள வேண்டும். அப்பா அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். டிவியில் தம் சட்டையை மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது என்றாலும் அவருடைய முத்தங்களையும் சேர்த்து அனுப்புகிறேன்.

உண்மையுள்ள அக்கா மகள்,
ரியாலின்

பின்குறிப்பு: இது வியாழன் மாலை எழுதுவது. மேலே எழுதியது எதுவும் இனி செல்லாது, ஆனால் நடந்தது என்பதால் கிழிக்கவில்லை. நீங்கள் ஞாயிறன்று இறக்கப்போவதில்லை. இன்று பள்ளியிலிருந்து வந்தபோது விளக்குகளை மறுபடியும் தொங்கவிட்டிருந்தார்கள். மிஸ் ஜிங் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். வெண்முத்து கம்பெனி நிகழ்ச்சியிலிருந்து விலகிவிட்டதாம். பொட்டலங்களுக்கு இனி மதிப்பில்லை. இப்போது பணம் அனுப்பும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்குப் பணம் அனுப்புவீர்களே, அந்த மாதிரி. வெளிநாட்டில் இருப்பவர்கள் யாரும் சாகக் கூடாது என்பது அவர்களுடைய முதல் நிபந்தனை. ஆகவே பழையதை அழித்துவிட்டார்கள். புதிய கதையில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், ஒன்பது ஆண்டாகப் பணம் அனுப்பிய உத்தமி. கம்பெனியே டிக்கெட் எடுத்து உங்களை வரவழைக்கும். அம்மா கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருவீர்கள். அது அம்மா சொன்னதுதான், இயக்குநருக்கு நினைவிருந்திருக்கிறது.

அம்மா வெகுநேரம் சிரித்தார், பிறகு அழுதார். தைலம் இல்லை. துண்டுகளை எடுத்துவர எழுந்து பாதி வழி போனவர் திரும்பி வந்து, “எத்தனை நாள் இருப்பா மிஸ்?” என்று கேட்டார்.

மிஸ் ஜிங் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். “காலையில வருவாங்க அக்கா. ராத்திரி ஃபிளைட்டுல திரும்பிடணும். அவங்க வேலையில இருந்தாத்தானே கம்பெனிக்கு அர்த்தம்?”

அம்மா துண்டுகளை எடுக்கப் போகாமல் உட்கார்ந்தார். வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று விளக்குக்காரர் சொன்னார். மிஸ் தலையாட்டினார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.